மூலிகைக் குளிகையில் மறைந்திருக்கும் உலோகம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. சென்ற கோடை விடுமுறையில் இதன் பொருளை எங்கள் வீட்டிலேயே உணரும் வாய்ப்பு எனக்கு ஏற்பட்டது.

வெளிநாட்டில் பணிபுரியும் என் மாமா, உறக்கமின்றித் தவித்த பாட்டிக்குச் சீன மருந்துக் குளிகைகள் ஒரு சீசா வாங்கி வந்திருந்தார். அச்சமயம் சித்தியின் இரண்டு வயது மகன் இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தான். “வெறும் பச்சிலை மருந்துதானே, ஒன்றும் செய்யாது” என்று கூறி, பாட்டி அவனுக்கும் பாதிக் குளிகை கொடுக்க எண்ணினார். சீசாவின் மேல்தாளில் பொடி எழுத்தில் இருந்த பெயர்களுள் ‘சின்னபாரிஸ்’ என்பது எனக்குப் புரியவில்லை. “கொஞ்சம் பொறுங்கள் பாட்டி” என்று சொல்லிவிட்டு, எங்கள் வேதியியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் ஓடினேன். “அது மூலிகை அன்று மகளே, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது” என்றார் அவர். அதன்பின் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

சீன மருத்துவம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. அம்மருந்துகளில் பெரும்பாலானவை வேர், பட்டை, இலை, கனி ஆகியவையே. ஆயினும் காரீயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக் ஆகிய நஞ்சுகள் அவற்றுள் மூன்று வழிகளில் நுழையக்கூடும்.

முதலாவது, மருந்தென்றே சேர்க்கப்படும் வழி. நம் சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்று அழைக்கும் மெர்க்குரிக் சல்பைடைச் சீன வைத்தியர்கள் மனக்கலக்கம் தணியவும் உறக்கம் வரவும் கொடுப்பர். மனோசிலை எனப்படும் ஆர்செனிக் சல்பைடும் அவர்களது மருந்துகளில் உண்டு. சீன அரசின் மருந்து நூலே சாதிலிங்கத்தை நச்சுப்பொருள் என்று குறித்து, நாளொன்றுக்கு 0.1 முதல் 0.5 கிராம் வரை மட்டுமே என வரையறை செய்துள்ளது. மிகுதியாகவும் உண்ணலாகாது, சிறிதளவே ஆயினும் நெடுநாள் உண்ணலாகாது, கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது என்பது அதன் எச்சரிக்கை. இதனைச் சூடாக்கினால் பாதரச ஆவி வெளிப்படும். அது மேலும் கொடியது.

இரண்டாவது, மண்ணின் வழி. சுரங்கம், தொழிற்சாலை ஆகியவற்றின் கழிவுகள் நிலத்தில் சேர, செடிகள் அவற்றை வேர் வழியே உறிஞ்சிக்கொள்கின்றன. 2014-இல் சீன அரசு வெளியிட்ட மண் ஆய்வில், சோதித்த இடங்களில் 16.1 விழுக்காடு மாசு வரம்பை மீறியிருந்தது. சிச்சுவான் மாநிலத்தில் விளையும் ‘சுவான்சியோங்’ என்ற மூலிகையின் கிழங்கு, காட்மியத்தை எளிதில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. பயிரிட்டவர் குற்றமற்றவராக இருந்தும் மருந்து குற்றமுடையதாகிறது!

மூன்றாவது, தயாரிப்பின்போது நேரும் கலப்படமும் கவனக்குறைவும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மூலிகைக் கடைகளில் வாங்கிய 260 ஆசிய மருந்துகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1998-இல் வெளிவந்தது. அவற்றுள் 24-இல் காரீயமும், 36-இல் ஆர்செனிக்கும், 35-இல் பாதரசமும் காணப்பட்டன.

இவ்வுலோகங்களை நம் உடலால் எரித்து அழிக்க இயலாது. காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதரசமும் காட்மியமும் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆர்செனிக் தோலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் வழிகோலும். இன்று உண்டவுடன் தீங்கு தெரியாமல் இருப்பதே இவற்றின் பெரிய ஆபத்து.

அப்படியானால் சீன மருத்துவமே தீயதா? அவ்வாறு கூறுவது அறிவுடைமை ஆகாது. சாவாமை வேண்டி இரசவாதிகளின் குளிகைகளை உண்ட தாங் மரபுப் பேரரசர் ஊசோங் கி.பி. 846-இல் இளமையிலேயே மாண்டார். பாதரசத்தால் நீடு வாழலாம் என்ற அந்த நம்பிக்கையைக் கண்டித்தவரும் ஒரு சீன வைத்தியரே. அவர் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லி ஷிசென். மேலும், 1970-களில் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஆர்செனிக் டிரையாக்சைடை அளந்து, தூய்மைப்படுத்தி, ஊசி மருந்தாக்கி, ஒருவகை இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தினர். அம்மருந்தை 2000-இல் அமெரிக்க அரசும் ஏற்றுக்கொண்டது. நஞ்சை மருந்தாக்கியவை அளவும் சோதனையும் மருத்துவரின் கண்காணிப்புமே அன்றோ?

இன்று பல நாடுகள் மூலிகைகளுக்கு வரம்பு விதித்துள்ளன. சீன மருந்து நூலின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு கிலோ மூலிகையில் காரீயம் 5 மில்லிகிராம், ஆர்செனிக் 2 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம், பாதரசம் 0.2 மில்லிகிராம் ஆகியவற்றைத் தாண்டலாகாது என்கிறது. ஆனால் சோதனைக்கு உட்படாமல் கைமாறி வரும் சீசாவுக்கு இவ்வரம்பு காவல் ஆகாது.

ஆகவே, தோழியரே, மேல்தாள் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். இருப்பின் அதை முழுவதும் படியுங்கள். பெரியவர்களுக்கு வந்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க விடாதீர்கள். எந்த மருந்தை உண்டாலும் அதன் சீசாவை மருத்துவரிடம் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

மறுநாள் குழந்தையையும் சீசாவையும் மருத்துவரிடம் கொண்டு சென்றோம். குழந்தைக்குக் காதில் சீழ் கட்டியிருந்தது. குளிகையைத் தந்திருந்தால் அழுகை ஒருவேளை அடங்கியிருக்கும். நோய் உள்ளேயே வளர்ந்திருக்கும். பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் தலையைத் தடவி, “இனிமேல் இந்த வீட்டுக்கு எந்த மருந்து வந்தாலும் நீ படித்துச் சொன்ன பிறகுதான்” என்றார். நான் பெற்ற பரிசுகளுள் இதுவே பெரியது.