ஷாகித் தீவில் அவசரமில்லாத ஒரு நாள்

அந்தமானில் பொழுது நம் கடிகாரத்திற்கு முன்பே புலர்ந்துவிடுகிறது. இந்தியத் திட்டநேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இத்தீவுகளோ ஏறத்தாழ 93 பாகையில் உள்ளன. ஆகவே கதிரவன் கணக்கில் 40 நிமிடங்களுக்கு மேல் வேறுபாடு. சீதாபூர் கடற்கரையில் உதயம் காண விரும்புவோர் 5 மணிக்கே எழுவது நலம். அதன்பின் நாள் முழுவதும் நமதே.

நீல் தீவு என வழங்கிய இவ்விடம் 2018 டிசம்பர் 30 முதல் ஷாகித் தீவு ஆயிற்று. ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சென்னையில் அறப்போர் நடந்ததை நினைவுகூர்ந்தவாறே வாடகை மிதிவண்டியில் புறப்பட்டோம். வழியெங்கும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியோரின் காய்கறித் தோட்டங்கள். பாரத்பூர் கரையில் இளநீர் பருகிச் சிறிது கண்ணயர்ந்தோம்.

லட்சுமண்பூரின் இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் உள்வாங்கும் வேளையிலேயே நெருங்க இயலும்; நீரேற்ற நேரத்தை விடுதியில் முன்னரே கேட்டறிதல் வேண்டும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சிறு மீன்களும் நண்டுகளும் திரிகின்றன. அங்கே கால் வைக்குமிடம் பார்த்து வைத்தோம். பவளம் உயிருள்ளது, மிதித்தால் மடியும். கரையொதுங்கிய பவளத்துண்டையும் ஊருக்கு எடுத்துவரலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு அதற்கு உண்டு. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பது பவளத்திட்டே. அதனைக் குலைக்காது திரும்புவதே நாம் அத்தீவுக்குச் செலுத்தும் நன்றி.