ஆரியசாலைக் காப்பியின் ரசாயனம்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் நெரிசலுக்குள் நடந்து ஆரியசாலையை நோக்கி வருகிறவர், அரிசி மண்டிகளையும் மிளகு, ஏலம், சுக்கு மூட்டைகளையும் கடக்கையில், ஏதேனும் ஒரு கடையில் அரைபடும் காப்பிக்கொட்டையின் மணம் ஒரு க்ஷணமாவது காலைப் பிடித்து நிறுத்தாமல் போவது அரிது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்த அந்தக் கடைத்தெருவை அண்டி, ஆரியசாலையிலும் அடுத்துள்ள வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. மலையாள மண்ணின் சோற்றையும் பேச்சையும் பண்டிகைகளையும் பிரியத்தோடு தமதாக்கிக்கொண்ட அக்குடும்பங்கள், காப்பி விஷயத்தில் மட்டும் பில்டரை விட்டுக்கொடுக்கவில்லை. சுவருக்கு அப்பால் மலையாள வீட்டில் கொதிக்கும் நீரில் பொடியைப் போட்டுத் தெளியவைத்துப் பால் கலவாத கட்டன் காப்பியாக அருந்துவார்கள். சுவருக்கு இப்பால் அதே கடைப்பொடி சொட்டுச் சொட்டாக டிகாக்ஷனாக இறங்கிக்கொண்டிருக்கும். பொடி ஒன்று, குழாய்த் தண்ணீர் ஒன்று, ருசி இரண்டு.

இதைப் பழக்கதோஷம் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு எளிதாக ஒதுக்கத்தக்கதன்று என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு வீட்டின் ருசிக்கும், தண்ணீர் எத்தனை உஷ்ணத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு பொடியோடு சேர்ந்திருந்தது என்ற பௌதிகக் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும். சமையலறையில் அன்றாடம் நடக்கும் இந்தப் பரிசோதனையில் தேர்ந்த கைகள், சாஸ்திரம் பின்னால் வந்து விளக்கிய பல உண்மைகளை முன்னமே கண்டுகொண்டிருக்கின்றன.

வறுத்த காப்பிக்கொட்டையின் எடையில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவீதமே. எஞ்சியது பெரும்பாலும் நார். கரைகிற அந்தப் பகுதியும் ஒரே சமயத்தில் கரைவதில்லை. புளிப்பைத் தரும் அமிலங்களும் கபீன் என்னும் உற்சாகப் பொருளும் முதலில் ஓடி வந்துவிடும். அடுத்து இனிப்பின் சாயலும் கனமும் தரும் பொருள்கள். கடைசியில், நீண்ட நேரம் வெந்நீரில் கிடந்தால்தான், நாக்கை உலர்த்தும் கசப்புப் பொருள்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த லாக்ஹார்ட் என்னும் ரசாயன நிபுணர் 1950களில் வகுத்த கணக்கின்படி, பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து வரும்போது காப்பி பெரும்பாலோர் நாக்குக்கு இசைவாக இருக்கிறது. அதற்குக் குறைந்தால் புளிப்பு, மிஞ்சினால் கசப்பு. கொதிநீரில் பொடியைப் போட்டு மேலும் கொதிக்கவிடும்போது இந்த எல்லை எளிதில் தாண்டிவிடுகிறது. போதாததற்கு, எண்ணூறுக்கும் அதிகமான மணப்பொருள்களில் எளிதில் ஆவியாகக்கூடியவை ஆவியோடு போய்விடுகின்றன. வீடெல்லாம் மணக்கும், ஆனால் வீட்டில் மணந்தது டம்ளரில் இராது. கட்டன் காப்பிக்குக் கருப்பட்டியும் சுக்கும் இத்தனை நன்றாகப் பொருந்துவதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். போன மணத்தின் இடத்தை அவை நிரப்பி, வந்த கசப்பைத் தணிக்கின்றன.

பில்டரின் வேலை வேறு. மேல் பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள். அதில் பொடியைப் போட்டுச் சமன்செய்து, நடுவில் காம்பு வைத்த துளைத் தட்டை மெல்ல அமுக்கி, கொதி அடங்கிய வெந்நீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிட்டால், கீழ்ப் பாத்திரத்தில் டிகாக்ஷன் தானாக இறங்கும். பிரான்ஸில் 1856-ஆம் ஆண்டு, திஜோன் நகரத்துக் குடிநீர் ஏற்பாடுகளைப் பற்றி எழுதிய ஹென்றி டார்சி என்ற பொறியாளர், மணற்படுகையினூடே தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு ஒரு விதி கண்டார். மேலே நிற்கும் நீரின் உயரம் கூடினால் வேகம் கூடும். படுகையின் கனம் கூடினால் குறையும். திரவம் கெட்டியானாலும் குறையும். மணல் துகளின் பருமனுக்கோ இன்னும் அதிகாரம்: துகளின் விட்டம் பாதியானால் நீர் இறங்கும் வேகம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். ஊருக்கே குடிநீர் வடிகட்டும் மணற்படுகைக்கும் அடுப்பங்கரை பில்டருக்கும் இந்த ஒரே விதிதான். பொடியைச் சற்றே நைஸாக அரைக்கச் சொன்ன அன்று, காலை ஆறு மணிக்கு ஊற்றியது ஏழு மணியாகியும் இறங்காமல் நிற்பதன் மர்மம் அவ்வளவே. பொடியில் கலந்துள்ள மிக நுண்ணிய தூள் நீரோடு கீழே நகர்ந்து துளைகளை அடைத்துக்கொள்கிறது. பில்டரைத் தட்டத் தட்ட இன்னும் கொஞ்சம் தூள் கீழே போய் அடைப்பை உறுதிப்படுத்துவதும் உண்டு. சில சமயம் குற்றம் பொடியில் இல்லை. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் காற்றுப் புகாதபடி இறுகி உட்கார்ந்திருந்தால், உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியின்றிச் சொட்டைத் தடுத்து நிற்கும். மேலதை ஒரு நூலளவு தூக்கி வைத்தால் போதும், மறுகணம் சொட்டத் தொடங்கும்.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்லவேண்டும். நனைந்த பொடி தன் எடையைப் போல் சுமார் இரு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 40 கிராம் பொடிக்கு 200 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றினால் 80 பொடியிலேயே தங்கிவிட, கீழே வருவது 120 மட்டும். தங்கிவிட்ட அந்த நீரில் கரைந்த சரக்கின் ஒரு நல்ல பங்கும் தங்கியிருக்கிறது. ஆகையால் இரண்டாம் டிகாக்ஷனைக் கஞ்சத்தனம் என்று இகழ்வது சரியன்று. அதில் மணம் குறைவு, கபீனும் குறைவு, ஆனால் நிறமும் கனமும் மிச்சமிருக்கின்றன. முதல் டிகாக்ஷனோடு அளவறிந்து சேர்க்கும் வீட்டுக் காப்பியை நான் மனப்பூர்வமாகப் பாராட்டுவேன்.

பித்தளை பில்டரா, எவர்சில்வர் பில்டரா என்ற வாதம் பாத்திரக்கடை வாசல்களில் ஓய்வதில்லை. எவர்சில்வரைப் போல் ஏழு மடங்கு வேகத்தில் பித்தளை உஷ்ணத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அது உஷ்ணத்தை உள்ளே காப்பதற்கு அனுகூலமான குணமன்று. எந்த உலோகமானாலும், பொடியைப் போடுமுன் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். பித்தளைக்கு ஈயம் பூசுவது மட்டும் அவசியம். காப்பியின் அமிலம் செம்பை அரித்துக் கரைத்துவிடும்.

இனி பொடி. பீபெரி வேண்டும் என்று கேட்டு வாங்குவதில் பலருக்குப் பெருமை. சாதாரணமாக ஒரு காப்பிப் பழத்துக்குள் இரண்டு பருப்புகள் ஒன்றோடொன்று தட்டையாக ஒட்டியிருக்கும். ஒன்று மட்டும் தனியாக வளர்ந்து உருண்டு திரண்டால் அது பீபெரி. உருண்டையாதலால் சீராக வறுபடும் என்பது வியாபாரிகளின் வாதம். நாம் கொடுக்கும் அதிக விலை அதன் அருமைக்கே தவிர ருசிக்கு அன்று என்று நான் கருதுகிறேன். ருசியை உண்மையில் மாற்றுவது ஜாதி. அராபிகாவில் கபீன் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரு மடங்கு, கசப்பும் அதற்கேற்ப அதிகம். இலங்கையில் 1869-இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அத்தீவின் காப்பித் தோட்டங்களைச் சூறையாடியபோது, திருவிதாங்கூர் மலைகளையும் அது விடவில்லை. பீர்மேட்டுச் சரிவுகளில் காப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. அந்நோயை எதிர்த்து நிற்கும் வலிமையுள்ள ரொபஸ்டா பிற்காலத்தில் வயநாட்டில் வேரூன்றி, இன்று கேரளத்துக் காப்பியில் பெரும்பங்காகிவிட்டது. பால் கலந்து குடிக்கிறவர்களுக்கு அதன் கசப்பு ஒரு குறையன்று. பாலின் கேசின் என்னும் புரதம் காப்பியின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் கூர்மையை மழுக்கிவிடுகிறது, எனவே பாலை மீறி நாக்கை எட்டக்கூடிய வலுவுள்ள காப்பியே அங்கு வேண்டியிருக்கிறது.

சிக்கரியைக் கலப்படம் என்றே நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. நெப்போலியனின் வர்த்தகத் தடைக்காலத்தில் காப்பி கிடைக்காத பிரெஞ்சுக்காரர்களிடையே பெரிதும் பரவிய இந்த வேரில் கபீன் சிறிதும் இல்லை. வறுத்த சிக்கரியில் தண்ணீரில் கரையக்கூடிய பகுதி காப்பியைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆதலால் கொஞ்சம் சேர்த்தாலே டிகாக்ஷன் கெட்டியாகி, டார்சியின் விதிப்படி மெதுவாக இறங்கி, பொடியோடு நீர் கூடுதல் நேரம் பழக வழிசெய்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது. அந்த எல்லைவரை போவது எனக்குச் சம்மதமில்லை. 20 சதவீதத்துக்கு மேல் சிக்கரி பேசத் தொடங்கிக் காப்பி வாயடைத்துவிடுகிறது.

இத்தனையையும் ஒரே மாதிரி செய்தாலும் சென்னையிலிருந்து வந்த உறவினர், "உங்க ஊர்க் காப்பிக்கு ஒரு தனி புளிப்பு இருக்கே" என்று சொல்வதுண்டு. அவர் நாக்கு பொய் சொல்லவில்லை. 1933-ஆம் ஆண்டு வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் காலத்தில் தொடங்கிய குழாய்நீர்த் திட்டம் முதல் இன்றுவரை, இந்நகரம் அருவிக்கரையில் தேங்கும் கரமனை ஆற்று நீரையே பருகுகிறது. மேற்கு மலையின் கடினப் பாறைகளின்மேல் ஓடி வரும் அந்த நீர் உப்புச்சத்துக் குறைந்த மென்னீர். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரிலோ பைகார்பனேட் உப்புகள் மிகுதி. அவை காப்பியின் அமிலத்தைச் சமன்செய்து புளிப்பை அடக்கி, ருசியைத் தட்டையாக்கிவிடும். நீர் முற்றிலும் மென்மையாக இருப்பதும் நல்லதன்று. மக்னீசியம் அயனிகள் காப்பியின் சில ருசிப்பொருள்களைக் கவர்ந்து வெளிக்கொணர உதவுகின்றன என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளிவந்த ஒரு கணிப்பாய்வு காட்டியது.

1990-இல் நகரின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்கா தோன்றிய பின் வளர்ந்த தலைமுறை, தராசும் வெப்பமானியும் காகித வடிகட்டியும் வைத்துக்கொண்டு, ஒரே தோட்டத்தின் இளவறுவல் கொட்டையைத் தபாலில் வரவழைத்துப் பாலின்றிக் குடிக்கிறது. பெரியவர்கள் இதைக் கண்டு வருத்தப்படத் தேவையில்லை. கரமனை மென்னீர், புளிப்பைப் போற்றும் அந்த இளவறுவலுக்கு உகந்ததே. அளந்து செய்கிற அந்தச் சிரத்தையும் மெச்சத்தக்கது. ஆனால் ஆறிப்போன டிகாக்ஷனை அடுப்பில் நேரே வைத்துக் கொதிக்கவிடாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இருத்திச் சூடேற்றும் பாட்டிமாரின் வழக்கத்தை இளைஞர்கள் விடாமல் பற்றிக்கொள்ளவேண்டும். உஷ்ணம் நீடிக்க நீடிக்க, காப்பியிலுள்ள அமிலச் சேர்மங்கள் சிதைந்து குவினிக் அமிலம் பெருகி, அடிநாக்கில் நிற்கும் ஒரு காரமான புளிப்பு தோன்றிவிடும்.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பியின் எண்ணெயில் உள்ள கபெஸ்டால் என்னும் பொருள் ரத்தத்தில் கொழுப்பை உயர்த்தக்கூடியது; காகிதம் அதில் மிகப் பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்துகிறது, உலோகத் துளைகள் அவ்வாறு நிறுத்துவதில்லை. கொலஸ்டிரால் அதிகம் என்று வைத்தியர் எச்சரித்தவர்கள், பில்டரின் துளைகளை மூடும் அளவுக்கு வட்டமாக வெட்டிய வடிகட்டும் காகிதத்தை அடியில் விரித்து அதன்மேல் பொடியைப் போடலாம். எண்ணெயோடு டிகாக்ஷனின் வழவழப்பும் கொஞ்சம் போகும். இறங்குவதும் தாமதமாகும், அதற்குப் பொடியை ஒரு சுற்று கொரகொரப்பாக அரைக்கச் சொன்னால் போதும்.