பொருளாதார ஏற்றத்தாழ்வுக்காக இளைஞர்கள் வீதிக்கு வருவார்களா? வங்கதேசம் தரும் பதில்

நம் வீடுகளிலும் பள்ளிவாசல் வாசல்களிலும் இரண்டு விதமான பேச்சை அடிக்கடி கேட்கிறோம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் போன் இருந்தால் போதும், பணக்காரன் மேலும் பணக்காரன் ஆனாலும் ஒருவனும் வாய் திறக்க மாட்டான்" என்பது ஒன்று. "பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது, எந்தக் கூட்டத்தில் போய் நிற்பானோ" என்பது மற்றொன்று. முதல் பேச்சு அலட்சியம், இரண்டாவது அச்சம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: சமூகத்தில் சிலரிடம் செல்வமும் வாய்ப்பும் குவிந்து, மற்றவர்கள் வெறுங்கையோடு நிற்கும்போது, இளைஞர்கள் அதற்காகத் தெருவில் இறங்குவார்களா?

இதற்கு ஊகமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூலையில் வங்கதேசத்தில் நடந்ததை வரிசையாகப் பார்த்தாலே பல விஷயங்கள் விளங்கும். அங்கே மாணவர்கள் தங்கள் இயக்கத்துக்கு வைத்த பெயரே 'பாகுபாட்டுக்கு எதிரான மாணவர் இயக்கம்' என்பதாகும். அவர்கள் பயன்படுத்திய வங்கச் சொல் பாகுபாட்டையும் ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே குறிக்கக்கூடியது.

56 சதவீதத்தின் கதை

வங்கதேசத்தில் அரசு வேலை என்பது நம் ஊரைப் போலவே குடும்பத்தின் கனவு. மாதச் சம்பளம், ஓய்வூதியம், சமூகத்தில் மரியாதை எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. அந்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழில் பல லட்சம் பேருக்கு வேலை தருகிறது என்றாலும், பட்டம் பெற்றவர்களுக்கு ஏற்ற வேலைகள் அதில் குறைவு. அதனால் படிக்காதவர்களைவிடப் படித்தவர்களிடையே வேலையின்மை அதிகமாக இருக்கும் விசித்திரமான நிலை அங்கே உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 அரசுப் பணியிடங்களுக்கு ஏறக்குறைய 4 லட்சம் பட்டதாரிகள் போட்டியிட்டனர். டாக்கா பல்கலைக்கழக நூலகத்தில் இடம்பிடிக்க அதிகாலையிலேயே மாணவர்கள் வரிசையில் நிற்பது அங்கே சாதாரணக் காட்சி. அப்போது விண்ணப்பிக்கும் வயது வரம்பு பொதுவாக 30. படிப்பு முடிந்தபின் நான்கைந்து ஆண்டுகள் இந்தத் தேர்வுக்காகவே கரைந்துவிடும்.

இந்த வேலைகளில் 56 சதவீதம் ஒதுக்கீட்டில் இருந்தது. 1971 விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு 30, பெண்களுக்கு 10, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 10, சிறுபான்மை இனக்குழுக்களுக்கு 5, மாற்றுத்திறனாளிகளுக்கு 1 சதவீதம். 2018இல் மாணவர்கள் போராடியபோது அரசு இந்த ஒதுக்கீட்டை மொத்தமாக நீக்கியது. 2024 ஜூன் 5 அன்று உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். "வங்கதேச மாணவர்கள் இடஒதுக்கீட்டை எதிர்த்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, அதை நம் நாட்டு இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைக்கும் 3.5 சதவீத உள்ஒதுக்கீடு, பின்தங்கிய சமூகத்தைக் கைதூக்கிவிடுவதற்கானது. வங்கதேச மாணவர்கள் முக்கியமாக எதிர்த்தது, விடுதலைப் போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும் போராளிகளின் பேரப்பிள்ளைகள் வரை நீண்ட 30 சதவீதத்தை. அது ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களுக்கான கதவாக ஆகிவிட்டது என்பதே அவர்களின் குற்றச்சாட்டு. உண்மையிலேயே பின்தங்கியவர்களுக்கு ஒரு பங்கு இருக்கட்டும் என்றுதான் 2024இல் அவர்களின் கோரிக்கை இருந்தது.

வறுமை மட்டும் போதுமா?

ஏழ்மைதான் போராட்டத்தைப் பிறப்பிக்கிறது என்றால், மிகவும் ஏழைகள்தாம் முதலில் நாட்டை உலுக்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இதற்கு எட்டு மாதங்கள் முன்பு, 2023 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அதே நாட்டின் ஆடைத் தொழிலாளர்கள் போராடினார்கள். அவர்களின் குறைந்தபட்ச மாத ஊதியம் 8,000 டாக்கா. அதை 23,000 ஆக்கக் கேட்டார்கள். 12,500 கிடைத்தது. தொழிலாளர்கள் உயிரையும் இழந்தார்கள். காஜிப்பூர், ஆஷுலியா போன்ற தொழிற்பகுதிகள் கொந்தளித்தன. ஆனால் அது நாடு தழுவிய மாணவர் எழுச்சியாக மாறவில்லை.

ஆக, ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் இளைஞர்கள் வருவதில்லை. தான் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தயாரான கதவு, தன் கண்முன்னே, இன்னாருக்காக என்று பெயர் சொல்லி அடைக்கப்படும்போது வருகிறார்கள். விலைவாசி 9 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் விலைவாசிக்கு முகம் இல்லை. 30 சதவீதத்துக்கு முகம் இருந்தது.

2011இல் அமெரிக்காவில் நடந்ததையும் இதோடு ஒப்பிடலாம். செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் கூடாரம் போட்டவர்கள், 99 சதவீத மக்களுக்கு எதிராக 1 சதவீதத்தினரிடம் செல்வம் குவிந்திருப்பதை நேரடியாகவே பேசினார்கள். ஏற்றத்தாழ்வை அதன் சொந்தப் பெயரிலேயே எதிர்த்த போராட்டம் அது. பல நகரங்களுக்கும் பரவியது. உலகத்தின் பேச்சை மாற்றியது. ஆனால் அரசிடம் 'இதைச் செய்' என்று கேட்க அவர்களிடம் ஒரு குறிப்பான கோரிக்கை இல்லை. நவம்பர் 15 அன்று காவல்துறை பூங்காவைக் காலி செய்தது.

அவமதிப்பும் இரத்தமும்

டாக்காவுக்குத் திரும்புவோம். ஜூலை 14 வரை அது வேலை கேட்கும் மாணவர்களின் போராட்டமாகவே இருந்தது. அன்று பிரதமர் ஷேக் ஹஸீனா செய்தியாளர் சந்திப்பில், போராளிகளின் வாரிசுகளுக்கு இல்லாத சலுகை 'ரஸாக்கார்'களின் பேரப்பிள்ளைகளுக்கா என்ற பொருளில் பேசினார். 1971இல் பாகிஸ்தான் படையோடு சேர்ந்து செயல்பட்டவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. துரோகி என்று பொருள். அன்றிரவே மாணவர்கள் விடுதிகளிலிருந்து வெளியே வந்தார்கள். மாணவியர் விடுதிகளின் கதவுகளும் திறந்தன. மறுநாள் ஆளுங்கட்சியின் மாணவர் அணி அவர்களைத் தாக்கியது.

ஜூலை 16 அன்று ரங்க்பூரில் அபூ சயீத் என்ற மாணவர் இரு கைகளையும் விரித்துக் காவலர்கள் முன் நின்றார். சுடப்பட்டார். ஏழைக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழக ஆங்கிலத் துறை வரை வந்த பிள்ளை அவர். அந்தக் காணொளி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு யார் வந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அரசு பல்கலைக்கழக விடுதிகள் மூடப்பட்டபோது, ஜூலை 18 அன்று தனியார் பல்கலைக்கழக மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அரசு வேலை அவர்களின் இலக்கல்ல. ஜாத்ராபாரி பகுதியில் மதரஸா மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் நின்றார்கள். ரிக்ஷாக்காரர்கள் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். ஒதுக்கீட்டால் ஒரு பைசா நட்டமும் இல்லாதவர்கள் இவர்கள். இவர்களைக் கொண்டுவந்தது வேலைக் கணக்கு அல்ல, கண்ணெதிரே கொல்லப்பட்ட பிள்ளைகள்.

இணையத்தை முடக்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று அரசு நினைத்தது. அலைபேசி இணையம் சுமார் பத்து நாட்கள் இல்லை. ஊரடங்கும் போடப்பட்டது. கூட்டம் அடங்கவில்லை. 'போனிலேயே கிடக்கும் பிள்ளைகள்' என்ற நம் கணிப்பும் அங்கே பொய்த்தது.

ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் 93 சதவீத வேலைகள் தகுதி அடிப்படையில் என்று தீர்ப்பளித்தது. போராளிகளின் வாரிசுகளுக்கு 5, இனச் சிறுபான்மையினருக்கு 1, மாற்றுத்திறனாளிகளுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் சேர்த்து 1 சதவீதம். கேட்டது பெரும்பாலும் கிடைத்துவிட்டது. ஒரு வாரம் முன்பு இந்தத் தீர்ப்பு வந்திருந்தால் மாணவர்கள் வீடு திரும்பியிருக்கக்கூடும். ஆனால் அதற்குள் இறந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி முன்னால் வந்துவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

மற்ற நாடுகளிலும் இதே வரிசை

துனீசியாவின் சிதி பூஸித் நகரில் முஹம்மத் பூஅஸீஸி என்ற பழ வியாபாரியின் சரக்கும் தராசும் பறிக்கப்பட்டன. முறையிடப் போன இடத்தில் யாரும் கேட்கவில்லை. 2010 டிசம்பர் 17 அன்று அவர் தம்மைத் தீயிட்டுக்கொண்டார். தன்னுயிரை மாய்ப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது; அந்தச் செயலை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஒரு மனிதனை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்பதை அந்நாட்டு இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையிலேயே கண்டார்கள். அவர் பட்டதாரி என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. உண்மையில் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஆயினும் வேலையில்லாப் பட்டதாரிகள் அவரைத் தங்களில் ஒருவராகவே கண்டார்கள். 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பின் அலி நாட்டைவிட்டு ஓடினார்.

கென்யாவில் 2024இல் ரொட்டிக்கு 16 சதவீத வரி உள்ளிட்ட முன்மொழிவுகளுடன் நிதி மசோதா வந்தது. இளைஞர்கள் அதை வரி வரியாகப் படித்து, தங்கள் மொழிகளில் விளக்கிக் காணொளிகளாகப் பரப்பினார்கள். ஜூன் 25 அன்று அவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், பலர் சுடப்பட்டார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திடப் போவதில்லை என்று அறிவித்தார்.

நமக்கு அருகில், இலங்கையில் 2022இல் எரிபொருள், எரிவாயு, பால்மா வரிசைகள் மக்களைக் காலிமுகத்திடலுக்குக் கொண்டுவந்தன. அது ரமளான் மாதம். கொரோனா காலத்தில் தம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வேதனையைச் சுமந்திருந்த முஸ்லிம்கள், அந்தத் திடலில் நோன்பு திறந்தார்கள். மற்ற சமூகத்தவரும் உடன் அமர்ந்தார்கள்.

என்ன விலை, என்ன மிச்சம்?

வங்கதேசத்தில் 2024 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. அவர்களில் 12 முதல் 13 சதவீதம் பேர் சிறுவர்கள். அதாவது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். பெரும்பாலோர் பாதுகாப்புப் படைகளால் சுடப்பட்டவர்கள். காவலர்களும் கொல்லப்பட்டார்கள். ஆட்சி கவிழ்ந்தபின் ஹிந்துக்களின் வீடுகளும், அஹமதியாக்களும், மலைப்பகுதிப் பழங்குடியினரும் தாக்கப்பட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. பாகுபாட்டுக்கு எதிராக எழுந்த ஒரு நாட்டில் பலவீனமானவர்கள் தாக்கப்பட்டார்கள் என்பதை, முஸ்லிம்கள் என்பதற்காக நாம் மறைத்துப் பேச முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒதுக்கீடு மாறியதால் வேலைகளின் எண்ணிக்கை கூடவில்லை. 3,000 இடங்களும் தகுதிக்கே போனாலும் 3 லட்சத்து 97 ஆயிரம் பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். விடுதிக் கதவைத் திறந்துகொண்டு வந்த மாணவியரின் 10 சதவீதம் புதிய ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. போராட்டம் ஓர் அநீதியை அகற்றலாம். தொழிற்சாலையைக் கட்டுவதும் வேலையை உருவாக்குவதும் அதன் பிறகு தொடங்க வேண்டிய வேறு வேலை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஆர்ப்பாட்டம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் இங்கே நாம் போகவில்லை. பொதுச் சொத்தை அழிப்பதும் குற்றமற்றவரைத் தாக்குவதும் கூடாது என்பதில் வேறுபாடு இல்லை. அதுபோலவே, செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்ற நோக்கத்தை அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறது என்பதிலும் வேறுபாடு இல்லை. ஆகவே ஏற்றத்தாழ்வைக் கண்டு கோபப்படும் பிள்ளையைக் கெட்டுப்போனவன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோபத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. அது எந்த வழியில் போகிறது என்பதே கவலைக்குரியது.

முதலில், வீட்டில் பேசுவோம். 'போகாதே' என்ற ஒற்றைச் சொல் எந்த நாட்டிலும் வேலை செய்யவில்லை. எதற்காகக் கோபம், என்ன கோரிக்கை, யார் அழைக்கிறார்கள், கூட்டம் வன்முறைக்குத் திரும்பினால் எப்படி விலகி வருவது என்று கேட்டுப் பேசக்கூடிய தகப்பனிடம் பிள்ளை உண்மையைச் சொல்வான். மகளும் அப்படித்தான்.

இரண்டாவது, கென்ய இளைஞர்களைப் போல மசோதாவையும் பட்ஜெட்டையும் படிக்கப் பழக்குவோம். நம் மஹல்லாக்களில் அரசுப் பணித் தேர்வுக்கான வழிகாட்டலும் நூலகமும் இருந்தால், கோபத்தோடு தகுதியும் வளரும்.

மூன்றாவது, நம்மிடமிருந்தே தொடங்குவோம். நம் கடைகளில் வேலை செய்பவருக்கு உரிய கூலி உரிய நேரத்தில் போகிறதா? ஜகாத் ஒரு நாள் சில்லறையாகக் கரைகிறதா, ஒரு குடும்பத்தை நிமிர்த்துகிறதா? பெண்மக்களின் வாரிசுப் பங்கு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்கிறதா? நம் நிறுவனங்களில் வேலை தகுதிக்கா, நிர்வாகியின் உறவுக்கா? டாக்காவில் மாணவர்களைக் கொதிக்க வைத்த 30 சதவீதத்தின் சிறு வடிவம் நம் ஊரிலும் இருந்தால், அதை நம் பிள்ளைகள் நமக்கு முன்பே பார்த்திருப்பார்கள்.

இளைஞர்கள் வருவார்களா என்ற கேள்விக்கு, வருவார்கள் என்பதே பதில். தாமதமாக வருவார்கள், கதவு அடைபட்டு, அவமானப்பட்டு, இரத்தம் பார்த்த பிறகு வருவார்கள். அந்த மூன்றும் நிகழும் முன்பே நீதியைக் கொடுத்துவிடுவது ஆட்சியாளர்களின் கடமை. வீட்டிலும் மஹல்லாவிலும் அது நம் கடமை. எந்தத் தாயும் தன் பிள்ளையின் ஜனாஸாவைக் கொடுத்து நீதியை வாங்க வேண்டிய நிலை வராமல் வல்ல இறைவன் காப்பானாக.