உத்தரவு போடாத மேனேஜர்!

மேனேஜர் என்றால் என்ன வேலை? "இதைச் செய், அதைச் செய்" என்று உத்தரவு போடுவது, செய்யாவிட்டால் அதட்டுவது. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

உத்தரவு போடாத மேனேஜர்களும் இருக்கிறார்கள்! கம்ப்யூட்டர் என்ன செய்யவேண்டும் என்று எழுதிவைக்கும் கட்டளைகளுக்கு மென்பொருள் என்று பெயர். அதைத் தயாரிக்கும் கம்பெனிகளில் "புராஜெக்ட் மேனேஜர்" என்று ஒரு பதவி உண்டு. சென்னையிலும் கோவையிலும் பல வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பதவியில் இருக்கிறார்கள். "உனக்கு அங்கே என்னப்பா வேலை?" என்று தாயார் கேட்டால், சட்டென்று பதில் சொல்ல முடியாமல் விழிக்கிறார்கள்.

அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

17 கோடி டாலர் வீண்!

எப்.பி.ஐ. என்பது அமெரிக்க மத்திய அரசின் துப்பறியும் இலாகா. அதன் வழக்குக் கட்டுகள் பெரும்பாலும் காகிதத்தில் இருந்தன. ஓர் ஊரில் உள்ள அதிகாரிக்குத் தெரிந்த துப்பு, அடுத்த ஊர் அதிகாரிக்குப் போய்ச் சேரத் தாமதமாகும்.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி பயங்கரவாதிகள் விமானங்களைக் கொண்டு அமெரிக்காவைத் தாக்கினார்கள். சுமார் 3 ஆயிரம் பேர் மாண்டார்கள். இதற்குப் பிறகு, வழக்குகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்கு அவசரம் கூடியது.

முதல் முயற்சிக்குச் சுமார் 17 கோடி டாலர் செலவாயிற்று. பலன் இல்லை. 2005-ம் ஆண்டில் அதைக் கைவிட்டார்கள்.

2006-ம் ஆண்டில் மறுபடியும் தொடங்கினார்கள். புதிய திட்டத்துக்கு "சென்டினல்" என்று பெயர். காவலாளி என்பது அதன் பொருள். ஒரு பெரிய கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தார்கள். இதற்கு ஒதுக்கிய பணம் 45 கோடியே 10 லட்சம் டாலர்.

2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்குள் 40 கோடியே 50 லட்சம் டாலர் கரைந்துவிட்டது. ஆனால், 4 கட்ட வேலைகளில் 2 கட்டம்தான் கைக்கு வந்திருந்தது. நிபுணர்களைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்த்தார்கள். இதே வழியில் போனால், மீதி வேலைக்கு இன்னும் 6 ஆண்டுகளும், மேற்கொண்டு 35 கோடியே 10 லட்சம் டாலரும் தேவைப்படும் என்று அவர்கள் சொன்னார்கள்!

உப்புப் பார்க்கும் நேரம்

தவறு எங்கே? மூளையுள்ளவர்கள் இல்லாமலா போனார்கள்?

கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கிறோம். கொதிக்கும்போதே ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்க்கிறோம். பந்தி உட்கார்ந்த பிறகு உப்புப் பார்ப்பவர் உண்டா?

பழைய முறையில் மென்பொருள் எழுதுவது ஏறக்குறைய அப்படித்தான். முழுத் திட்டத்தையும் முதலிலேயே தீட்டுவார்கள். பிறகு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எழுதுவார்கள். உபயோகிக்கப் போகிறவர் கடைசியில்தான் அதைப் பார்ப்பார். "நான் கேட்டது இது அல்லவே!" என்று அவர் சொல்லும்போது பணமும் காலமும் போய்விட்டிருக்கும்.

இதற்கு மாற்று தேடியவர்களில் 17 பேர், 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற மலைவாசஸ்தலத்தில் கூடினார்கள். தங்கள் கொள்கையை ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். அதற்கு "அஜைல்" என்று பெயர் வைத்தார்கள். சுறுசுறுப்பு என்று அர்த்தம்.

இந்த முறையில் குழு சிறியது. வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரமோ, ஒரு மாதமோ கெடு. கெடு முடிந்ததும், செய்து முடித்ததை இயக்கிக் காட்டவேண்டும். குறை இருந்தால் அடுத்த கெடுவில் திருத்தலாம்.

மேனேஜர் எங்கே?

அஜைல் வழிகளில் "ஸ்க்ரம்" என்பது மிகவும் பிரபலமானது. அதில் புராஜெக்ட் மேனேஜர் என்ற பதவியே கிடையாது! எதை முதலில் செய்வது என்று ஒருவர் முடிவு செய்கிறார். எப்படிச் செய்வது என்று எழுதுகிறவர்களே முடிவு செய்கிறார்கள். குழுவுக்கு வரும் இடைஞ்சல்களை நீக்க இன்னொருவர் உதவுகிறார். தினமும் 15 நிமிடம் கூடிப் பேசுகிறார்கள்.

"அப்படியானால் மேனேஜருக்கு வேலை போய்விட்டதா?" என்று கேட்கிறீர்களா? போகவில்லை, வேலை மாறிவிட்டது. சென்டினல் திட்டத்தின் முடிவைப் பார்த்தால் இது விளங்கும்.

2010-ம் ஆண்டில் எப்.பி.ஐ. வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, அஜைல் முறைக்கு மாறியது. சுமார் 220 ஆக இருந்த ஒப்பந்த ஊழியர்களை 40 ஆகக் குறைக்கத் திட்டமிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு வைத்து வேலை நடந்தது.

உடனே வெற்றி கிட்டிவிடவில்லை. 2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். சென்டினல் இரண்டு தடவை நின்றுவிட்டது! எழுதப்பட்ட மென்பொருளைத் தாங்கும் சக்தி பழைய இயந்திரங்களுக்கு இல்லை என்று தெரிந்தது. இயந்திர வசதியைப் பெருக்கிய பிறகு, 2012-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சென்டினல் நாடெங்கும் இயங்கத் தொடங்கியது. தேடும் வசதியைப் பற்றிப் பிற்காலத்தில் குறைகள் வந்தன. ஆனாலும், அதிகாரிகள் அதைத்தான் உபயோகித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். இயந்திரம் போதவில்லை என்றால், மென்பொருள் எழுதுகிறவர் ராத்திரி பகலாக உழைத்தும் பயன் இல்லை. யாராவது பணத்துக்கு அனுமதி வாங்கவேண்டும், விற்பவரிடம் பேசவேண்டும், மேலதிகாரிகளுக்கு விளக்கவேண்டும். இன்றைய புராஜெக்ட் மேனேஜரின் வேலை இதுதான். பல குழுக்கள் சேர்ந்து செய்யும் பெரிய வேலையில், ஒரு குழுவுக்காக இன்னொரு குழு காத்திருக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. வாடிக்கைக்காரர் நடுவில் புதுப்புது வேலைகளைத் திணித்தால், "எதைத் தள்ளி வைக்கலாம்?" என்று அவரிடமே கேட்பதும் இவர்தான்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, உண்மையைச் சொல்வது. "வேலை நன்றாக நடக்கிறது" என்று மேலே சொல்லிவிட்டால் அன்றைக்குத் திட்டு விழாது. ஆனால், நான்கு ஆண்டு கழித்து 40 கோடி டாலர் கணக்குக் கேட்பார்கள். இரண்டு வாரத்தில் தெரிந்த குறையை இரண்டு வாரத்திலேயே சொல்லும் மேனேஜர், குழுவையும் காப்பாற்றுகிறார். கொடுத்தவர் பணத்தையும் காப்பாற்றுகிறார்.

இனிமேல் தாயார் கேட்டால் பிள்ளை தைரியமாகச் சொல்லலாம்: "வேலை செய்கிறவர்களுக்கு வழியில் உள்ள முள்ளை எடுத்துப் போடுகிறேன், அம்மா. முள் இருக்கிறது என்று பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லவும் செய்கிறேன்!"