மணல் அணைக்கு இரு பக்கமும்

மேற்கு சகாராவை வரைபடத்தில் பார்த்தால் எல்லைகள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல இருக்கும். சுமார் 266,000 சதுர கிலோமீற்றர். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆனால் வெறும் மணல் என்று நினைத்துவிட வேண்டாம். புக்ராவில் பொஸ்பேற் இருக்கிறது. அத்திலாந்திக் கரையில் மீன்வளம் உண்டு. சண்டைக்கான காரணத்தை நான் முதலில் இங்கேதான் தேடுவேன்.

அங்குள்ள சஹ்ராவிகள் ஹசானியா அரபு பேசுபவர்கள். மழை பெய்த திசை பார்த்து ஒட்டகங்களோடும் ஆடுகளோடும் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். 1975 இல் மொரோக்கோ உள்நுழைந்தது. 1976 இல் ஸ்பெயின் வெளியேறியது. பொலிசாரியோ இயக்கம் போரிட்டது. ஆயிரக்கணக்கானோர் அல்ஜீரியாவின் திண்டூப் பக்கம் ஓடினார்கள். 1980களில் மொரோக்கோ எழுப்பிய மணல் அணை சுமார் 2,700 கிலோமீற்றர். அதை ஒட்டி மிதிவெடிகள். எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1991 போர்நிறுத்தத்தோடு வாக்களிக்கப்பட்ட சர்வஜன வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை.

என்னைத் தடுத்து நிறுத்தியவை திண்டூப் முகாம்களின் பெயர்கள்தான். லாயூன், ஸ்மாரா, தக்லா, அவ்சேர்த், புஜ்தூர். எல்லாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள். அங்கே பிறந்த பிள்ளை "நான் ஸ்மாரா" என்றால், முகாமா ஊரா என்று திருப்பிக் கேட்கவேண்டும். அந்த ஊரைக் கண்ணால் காணாதவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளும் காண்கிற வயதில் இருக்கிறார்கள்.