கன்றுக்கும் நமக்கும் பொதுவான காவலர்கள்

கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆடுமாடுகள் வீட்டாரோடு வீட்டாராகவே வாழ்கின்றன. அவற்றுக்கும் நமக்கும் உடலுக்குள்ளேயும் ஓர் உறவு உண்டு. காசநோய்க்கு மருந்து உண்போரும் அவர்களைப் பேணுவோரும் அதனை அறிவது நலம் பயக்கும்.

வெள்ளணுக்களுள் ஒரு வகை, டி செல்கள். இவற்றுள் பெரும்பாலானவை கிருமியின் புரதத் துணுக்கை இனங்கண்டு, பெருகிய பின்னரே போரிடும். காசநோயில் அவை நுரையீரலைச் சென்றடையவே சில வாரங்கள் ஆகின்றன. ஆயினும், புரதத்துக்குக் காத்திராமல் வேறு அடையாளங்களைக் கொண்டு விரைந்து செயற்படும் சிறு பிரிவினரும் உளர். அவர்களே மரபுசாரா டி செல்கள்.

அவற்றுள் ஒன்று மெயிட் செல். காசநோய்க் கிருமி உட்படப் பல பாக்டீரியாக்கள் ரைபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. நம் செல்களோ மாட்டின் செல்களோ அதனை ஆக்குவதில்லை. எனவே அவ்வாக்கத்தின் இடைப்பொருள் தென்படின், கிருமி புகுந்துள்ளது என்று பொருள். மெயிட் செல்கள் காண்பது இந்தத் தடயத்தையே என்பது 2012-இல் தெரியவந்தது. அத்தடயத்தை ஏந்திக் காட்டும் எம்.ஆர்.1 என்னும் புரதம் மனிதரிடமும் மாட்டிடமும் எலியிடமும் பெரிதும் ஒத்திருக்கிறது.

மற்றொன்று காமா டெல்ட்டா டி செல். நம் இரத்தத்தில் இது சிறுபான்மை. இளங்கன்றின் இரத்தத்திலோ நிணநீர் அணுக்களில் பாதிக்கும் மேலாகவும் இருக்கக்கூடும்.

இத்தகைய காவலர் இருந்தும் நோய் வருவதேன்? காவலர் விரைந்து வருவர். ஆனால் காசநோய்க் கிருமியை அவர்களால் மட்டும் முற்றாக ஒழிக்க இயலாது. நோய் முற்றியோரின் இரத்தத்தில் மெயிட் செல்கள் குறைந்தே காணப்படுகின்றன. அவற்றைத் தூண்டிவிட்டால் நோய் தணியுமா என்று குரங்குகளில் ஆராய்ந்து 2021-இல் வெளியிடப்பட்ட முடிவு ஏமாற்றமே அளித்தது. தூண்டப்பட்ட செல்கள் செயலிழந்தன. ஆகவே, "எதிர்ப்பாற்றலைக் கூட்டும்" என விற்கப்படும் எதையும் நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாத்திரையின் வலிமைக்கு நம் மாநிலமே சான்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, முறையாக மருந்து உண்டால் வீட்டிலிருந்தபடியே சானடோரியத்துக்கு இணையான பலன் பெறலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. இன்று, மருந்துக்குக் கட்டுப்படும் நுரையீரல் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதம். இருமலும் காய்ச்சலும் சில வாரங்களிலேயே தணியலாம். ஒளிந்திருக்கும் கிருமிகள் அத்தனை விரைவில் மடிவதில்லை. பாதியில் நிறுத்தினால் நோய் மீளலாம். மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். வாந்தியோ, கண் மஞ்சளோ, பார்வை மங்கலோ தோன்றினால், தாமதியாது மருத்துவரிடம் கூறுங்கள்.

மாட்டுக்கும் காசநோய் வரும். காய்ச்சாத பால் வழியே அது நம்மையும் பற்றலாம். காவலர் மட்டுமன்றிப் பகைவரும் இரு சாராருக்கும் பொதுவே. ஆதலால் பாலைப் பொங்கக் காய்ச்சியே அருந்துங்கள். மருந்தை நாள் தவறாது எடுத்துக் கொடுக்கும் இல்லத்தார், உடலின் காவலருக்குப் பெருந்துணை புரிகின்றனர் என்பதை நாங்கள் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.