படலையடியில் ஒரு வரவேற்பு



யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குப் போகிறவர் படலையைத் திறக்குமுன் “நாய் கட்டியிருக்கோ?” என்று குரல் கொடுப்பது வழக்கம். சுன்னாகத்தில் எங்கள் வீட்டுப் படலையில் அந்தக் குரல் வரவரக் குறைந்தது, வருவோர் குறைந்தனர். எங்கள் மணி கடிக்கிற நாயன்று. வருபவர் மார்பளவுக்குப் பாய்ந்து சேற்றுக் காலைச் சேலையில் பதிக்கும். முழங்கால் நோவுள்ள பெரியம்மா ஒருநாள் அதனாற் சரிந்து, விறாந்தைத் தூணைப் பிடித்துத் தப்பினார். “அதைக் கட்டிப்போட்டுச் சொல்லிவிடு தம்பி, வாறன்” என்றவர் பின்னர் வரவேயில்லை.

விருந்தோம்பல் அதிகாரத்தை வகுப்பிற் படிப்பிக்கும் எனக்கு இது உறுத்தியது. விருந்து என்பதற்குப் பழம்பொருள் புதுமை. அந்தப் புதுமைதான் நாயையும் கிளர்ச்சி கொள்ளச் செய்கிறது. தொல்காப்பியர் குருளை எனக் குறிக்கும் நாய்க்குட்டி, தாயின் வாயை நக்கியே உணவு கேட்கவும் உறவு காட்டவும் பழகுகிறது. மனிதரின் வாயோ ஐந்தடி உயரத்தில். ஆகவே பாய்கிறது. அதன் அளவில் அது வணக்கமே.

“சீ, போ!” என்று அதட்டி இரு கையாலும் தள்ளிவந்தேன். பிழை என்னுடையது. பார்வை, குரல், தொடுகை மூன்றும் நாய்க்குப் பரிசு. பயன் தரும் செயல் நிலைக்கும் என்று காட்டிய அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், இடையிடையே மட்டும் கிடைக்கும் பரிசு பழக்கத்தை இன்னும் இறுக்கும் என்றும் கண்டார். வீட்டில் நால்வர் கண்டிக்க, ஒருவர் செல்லம் கொடுத்தாற் போதும்.

அடித்துப் பழக்கச் சொன்னார்கள் சிலர். எனக்கு மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது நான் பாடசாலை மாணவன். நாயை அவிழ்த்துவிட்டுப் போனோம். 1996இல் திரும்பியபோது எலும்பு தெரிய நின்ற அது, பாய்ந்துதான் எங்களை வரவேற்றது. அன்று எவரும் அதைத் தள்ளவில்லை. வேல் தைத்தபோதும் வாலாட்டும் நாயை நல்ல நட்புக்கு நாலடியார் உவமை சொன்னது சும்மாவல்ல.

பாயும்போது பேசாமல், பாராமல் திரும்பி நிற்க வேண்டும். நாலு காலும் நிலத்திற் பட்ட கணமே ஒரு விசுக்கோத்துத் துண்டு. அடுத்து, அத்துண்டை மூக்குக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால் தலை நிமிரும், பின்புறம் தானே தாழும். அப்போது “இரு” என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இருக்கிற நாய் பாயாதல்லவா? கழுத்துப்பட்டியிற் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அயல்வீட்டுப் பையன்கள் விருந்தினராகிப் பத்துத் தடவை படலையைத் திறந்து மூடினர். முதல் மூன்று நாளும் முன்னையிலும் அதிகமாகப் பாய்ந்தது. பழைய வழி பலிக்காதபோது நாய் முழுமூச்சாய் முயன்று பார்க்கும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். “பாயட்டும், பாவம்” என்ற மாமாவைப் பழக்கத்தான் நெடுநாள் சென்றது.

அஞ்சி உறுமுகிற நாய்க்கு இம்முறை போதாது. அதை வருபவரிடமிருந்து தூரத்தில் வைக்க வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியோ எல்லா நாய்க்கும் வேண்டும்.

சென்ற தைப்பொங்கலன்று படலையில் பழைய குரல் கேட்டது. “இல்லைப் பெரியம்மா, வாங்கோ” என்றேன். அவர் படலையைப் பிடித்தபடி தயங்கினார். மணி வாலால் முற்றத்து மணலைக் கூட்டியது. முன்னங்கால் ஒருமுறை எழுந்து தாழ்ந்தது. பெரியம்மா மெல்ல நடந்து விறாந்தைக்கு வந்ததும், “இருங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவருக்கு முன்னே மணி இருந்துவிட்டது.